செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் வரலாறு

செரெங்கெட்டி தேசியப் பூங்கா, கிழக்கு ஆப்பிரிக்க நாடான தான்சானியாவின் வடபகுதியில் 14,763 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. மாசாய் மக்கள் இச்சமவெளியில் நெடுங்காலமாக மாடு மேய்த்து வந்தனர். காட்டு விலங்குகளின் இறைச்சியை அவர்கள் பெரும்பாலும் உண்பதில்லை.

1920களில் துப்பாக்கியுடன் வந்த வெளிநாட்டு வேட்டைப் பயணிகள் சிங்கங்களைப் பெருமளவில் கொன்றனர். இதனைத் தடுக்கக் காப்பகம் ஏற்படுத்திய பிரித்தானிய ஆட்சி, 1951இல் செரெங்கெட்டியைத் தேசியப் பூங்காவாக்கியது. 1959இல் மாசாய் மக்கள் பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டு, அருகிலுள்ள இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்கு அனுப்பப்பட்டனர்.

1981இல் செரெங்கெட்டி யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களமானது. இன்று சுற்றுலாப் பயணிகள் சஃபாரி ஊர்திகளில் சென்று, 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் விலங்குகளின் வலசையைக் காண்கின்றனர். ஆனால் பூங்காவுக்குள் மாடு மேய்க்க மாசாய் மக்களுக்கு அனுமதி இல்லை.