கம்பி வழி வந்த உலகம்: சிவகிரிச் சீமையின் ஒரு தொழில் வரலாறு

இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்புறமாகக் கொண்டு தெற்கு நோக்கிப் பிரயாணம் செய்வோருக்குச் சேத்தூரைக் கடந்ததும் எதிர்ப்படும் ஊர் சிவகிரி. ஈரோட்டுப் பக்கத்துச் சிவகிரி வேறு. நாராயண குருவின் சமாதி அமைந்துள்ள வர்க்கலைச் சிவகிரி வேறு. இது பாளையமாகவும், பின்னர் ஜமீனாகவும் விளங்கி, இன்று 2019 நவம்பர் 22 அன்று உதயமான தென்காசி மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடமாக இருக்கும் சிவகிரி. பாளையக்காரர் காலத்து வீரம் பற்றியும், குன்றின்மேல் எழுந்தருளியுள்ள பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலின் மகிமை பற்றியும், நெல்லும் கரும்பும் எலுமிச்சையும் விளையும் இப்பிரதேசத்தின் வளம் பற்றியும் எழுதியவர்கள் உண்டு. ஆனால் சென்ற முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், இவ்வூரிலும் இதனையொத்த வாசுதேவநல்லூர், புளியங்குடி, இராயகிரி முதலிய ஊர்களிலும் தெருத் தெருவாகக் கம்பி இழுத்து, முதலில் தொலைக்காட்சியையும் பின்பு இணையத்தையும் வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்த சாமானிய மனிதர்களின் தொழிலுக்கு வரலாறு எழுத எவரும் முற்பட்டதாகத் தெரியவில்லை. கல்வெட்டில் இடம்பெறாத காரணத்தால் மட்டும் ஒரு தொழில் சிறியதாகிவிடாது என்னும் நம்பிக்கையோடு அதனை இங்கே சொல்லத் துணிகிறேன்.

தொலைக்காட்சி என்பது தென்பாண்டிச் சீமைக்கு மிகத் தாமதமாகவே வந்தது. மேற்கே மலைத்தொடர் சுவராக நின்று திருவனந்தபுரத்தின் அலைகளை மறித்தது. சென்னையோ எட்டாத தூரம். 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது, தென்கோடி மாவட்டங்களில் வசதி படைத்தவர்கள் மாடியின்மேல் உயர்ந்த இரும்புக் குழாயை நட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்காகத் திருப்பி, பூஸ்டர் வைத்து, கடல் கடந்து வந்த மங்கலான படத்தைக் கண்டு மகிழ்ந்தார்கள். பின்னர் கொடைக்கானல் மலைமீது தூர்தர்ஷனின் கோபுரம் எழுந்தது. 1991-ஆம் ஆண்டின் வளைகுடாப் போர் உலக மக்களைத் திரையின் முன் உட்கார வைத்ததும், அதே ஆண்டில் ஸ்டார் அலைவரிசைகள் ஆசியாவின்மேல் ஒளிபரப்பாகத் தொடங்கியதும், 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. பிறந்ததும் ஒன்றையொன்று தொடர்ந்து நிகழ்ந்தன. அந்நிகழ்ச்சிகளின் வேகத்தில், எந்தச் சர்க்காரும் திட்டம் வகுக்காமல், எந்தப் பெருமுதலாளியும் பணம் போடாமல், ‘கேபிள்காரர்’ என்னும் புதியதொரு தொழிலாளி ஊர்தோறும் தாமே தோன்றினார்.

அவர் யார்? ரேடியோ பழுதுபார்த்தவர், வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவர், கல்யாண வீட்டுக்கு மைக்செட் கட்டியவர், மின்கம்பத்தில் ஏறப் பழகிய வயர்மேன். பொறியியற் கல்லூரியின் வாசலைக்கூட மிதியாத இவர்கள் தம் வீட்டு மொட்டைமாடியிலே பெரிய டிஷ் ஒன்றை நிறுத்தினார்கள். விண்ணிலிருந்து வரும் பலவீனமான சமிக்ஞையை ரிசீவர்களால் வாங்கி, ஒவ்வொரு அலைவரிசையையும் மாடுலேட்டர் மூலம் தனித்தனி இடத்தில் அமர்த்தி, அனைத்தையும் ஒரே கோஆக்சியல் கம்பியில் கலந்து தெருவுக்கு அனுப்பினார்கள். கம்பி நீள நீளச் சமிக்ஞை தேயுமாதலால், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் வைத்து அதனை மறுபடியும் ஊக்க வேண்டும். அந்த ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் அந்தத் தெருவே இருண்டுபோகும். எத்தனை வீட்டுக்கு ஒரு ‘டாப்’ என்னும் கிளை இணைப்பைக் கொடுத்தால் கடைசி வீட்டிலும் படம் தெளிவாக இருக்கும் என்பதை அவர்கள் சூத்திரத்தால் அறியவில்லை. மறுநாள் காலையில் கடைசி வீட்டு அம்மாள் படியேறி வந்து சொல்லும் முறையீட்டால் அறிந்தார்கள்.

இயற்கையும் அவர்களுக்கு எளிதாக வழிவிடவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே பாயும் மேல்காற்று இழுத்துக் கட்டிய கம்பிகளை அறுத்தெறியும். ஐப்பசி மாதத்து இடியோ அதனினும் கொடியது: மலையடிவாரத்தில் ஒரு மின்னல் விழுந்தால், செம்புக் கம்பி வழியே பாய்ந்து, வரிசையாக நின்ற ஆம்ப்ளிஃபையர்களையும் சில சமயம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையும் கருக்கிவிடும். மழை விட்டதும் ஏணியைச் சைக்கிளில் சாத்திக்கொண்டு கம்பம் கம்பமாகச் சோதித்துச் சென்ற அந்த மனிதரின் பிரயாசை, மாதக் கலெக்ஷனுக்குச் சீட்டுப் புத்தகத்துடன் வரும்போது அவரிடம் சில்லறைக்குத் தர்க்கம் செய்த நம்மில் பலருக்கு அன்று புலப்படவில்லை.

அரசாங்கம் பின்னால் வந்தது. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம், இத்தொழில் செய்வோர் தம் பகுதித் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதித்தது. அலைவரிசைகள் பெருகிக் கட்டணம் கேட்பவையாக மாறியபின், அவற்றை மொத்தமாக வாங்கிக் கீழே விநியோகிக்கும் பெரிய ஸ்தாபனங்கள் எழுந்தன. மொட்டைமாடி டிஷ்கள் துருப்பிடித்தன. கேபிள்காரர் பிறர் அனுப்பும் சமிக்ஞையை வீட்டுக்குச் சேர்ப்பிக்கும் கடைசிக் கண்ணியாக ஒடுங்கினார். 2007-இல் தமிழக அரசே ஒரு கேபிள் நிறுவனத்தைத் தோற்றுவித்ததும், அது 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு என்ற அறிவிப்போடு புத்துயிர் பெற்றதும் பொதுமக்களுக்கு நன்மை செய்தன. ஆயினும் கேபிள்காரர் இழந்த சுவாதீனம் அவருக்குத் திரும்பவில்லை. பின்னர் இணையத்தின் கதையிலும் இதுவே மீண்டும் நிகழ்ந்தபடியால் இதனை மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15 அன்று. அரசாங்க நிறுவனமான வி.எஸ்.என்.எல். மட்டுமே அதனை அளித்தது. பெருநகரங்களுக்கு வெளியே அது பெயரளவில்தான் இருந்தது. 1998 நவம்பரில் தனியாருக்கும் இத்தொழிலில் இடமளிக்கும் கொள்கை வந்தது. அதில் ஒரு விசேஷம் உண்டு: நாடு முழுவதற்கும் ‘ஏ’ பிரிவு, ஒரு மாநில அளவுக்கு ‘பி’ பிரிவு என்பவற்றோடு, தொலைபேசித் துறையின் ஒரே உள்வட்டத்துக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மாவட்டத்துக்கு மட்டும், ‘சி’ பிரிவு என்று ஓர் உரிமத்தையும் அது வகுத்தது. முதற்பிரிவுக்கு வங்கி உத்தரவாதம் 2 கோடி ரூபாய் என்றால் மூன்றாம் பிரிவுக்கு 3 லட்சம்தான். திருநெல்வேலி வட்டத்தில் வசிக்கும் நாலைந்து நடுத்தரக் குடும்பத்தினர் ஒன்றுகூடினாலே தமக்கென ஓர் இணைய நிறுவனத்தைத் தோற்றுவிக்கலாம் என்று சட்டம் இடங்கொடுத்ததென்பது இன்று நினைத்தாலும் வியப்பளிக்கிறது. ஆனால் உரிமம் மலிவாயிருந்து பயனென்ன? அந்த இணையத்தை வெளியூரிலிருந்து சிவகிரிவரை கொண்டுவரும் குத்தகைக் கம்பியின் வாடகை சிறியவர்களின் கைக்கு எட்டாததாயிருந்தது. ஆகவே கிராமாந்தரங்களில் இணையம் என்பது தொலைபேசி வழியே கீச்சிட்டு இணையும் டயலப்பாகவும், பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் மாணவர்கள் வரிசையில் நிற்கும் பிரவுசிங் சென்டராகவும் பல ஆண்டுகள் நின்றுவிட்டது.

அக்காலத்தில் இந்த முட்டுக்கட்டையை உடைக்க மனப்பூர்வமாக முயன்றவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய சகாக்களும் ஆவர். கம்பியின்றி, கார்டெக்ட் என்னும் வானொலி முறையால், ஒரு கோபுரத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர்வரை தொலைபேசியையும் இணையத்தையும் ஒருசேர அளிக்கும் உபகரணத்தை அவர்கள் உருவாக்கினார்கள். அதனைக் கொண்டு என்-லோக் என்ற நிறுவனம், சிற்றூர்ப் பகுதிகளில் உள்ளூர்க்காரர் ஒருவரையே பங்காளியாகச் சேர்த்து, அவர் கோபுரத்தை நடத்த, கிராமந்தோறும் ஒருவர் சுமார் 50,000 ரூபாய் முதலீட்டில் கணினி நிலையம் நடத்த, இணையம் பரவட்டும் என்று திட்டமிட்டது. மதுரை மாவட்டத்து மேலூரில் 2001 முதல் இது நடைமுறைக்கு வந்தது. நிலையங்களைப் பெண்கள் பலர் நடத்தினார்கள். சாதிச் சான்றிதழுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்காமல் விண்ணப்பம் அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் அந்நிலையங்கள் பல மூடப்பட்டன. நொடிக்கு 35 கிலோபிட் என்ற வேகம் சீக்கிரமே போதாமற்போயிற்று. நிலையம் நடத்தியோருக்கு வருமானம் கட்டவில்லை. ஆதரவளித்த அதிகாரிகள் மாறிச் சென்றார்கள். எனினும் ஓர் ஊரின் இணையத்தை அந்த ஊர் மனிதரே நடத்தலாம் என்னும் எண்ணத்தைத் தமிழ்நாட்டில் முதன்முதல் பிரத்தியட்சமாகக் காட்டியது அம்முயற்சியே என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த முயற்சி தேனியில் நிகழ்ந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமப்புறப் பார்வை மையங்களில் இருக்கும் நோயாளியைத் தேனி மருத்துவர் திரையிலே கண்டு பேச வேண்டும் என்று விரும்பியது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழுவினர் அதற்குச் சாதாரண வைஃபையையே எடுத்துக்கொண்டார்கள். ஓர் அறைக்குள் வேலை செய்யப் பிறந்த வைஃபை, ஒவ்வொரு சிப்பத்தையும் அனுப்பிவிட்டு ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் கணப்பொழுதே காத்திருக்கும். பல கிலோமீட்டர் தூரத்துக்கு அந்தப் பதில் தாமதித்து வரும். வராதென்று எண்ணி மறுபடியும் அதையே அனுப்பி வீணாகும். எனவே இரு முனைகளும் முறைவைத்துப் பேசுமாறு மென்பொருளை அவர்கள் மாற்றி எழுதினார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மத்திய அரசு 2005-இல் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்திருந்தது இதற்குத் துணையாயிற்று. சில ஆண்டு அனுபவத்துக்குப்பின் அவர்கள் எழுதிவைத்ததில் நம் கருத்துக்குரியது ஒன்று உண்டு: உபகரணங்களைப் பெரிதும் கெடுத்தது மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வே; இணைப்பு நிலைத்ததோ, பக்கத்திலேயே இருந்த உள்ளூர் ஊழியர் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டதால். ஐப்பசி இடிக்கு ஆம்ப்ளிஃபையரைப் பறிகொடுத்த நம் கேபிள்காரர்கள் இதனைப் பத்தாண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

ஆகையினால்தான் இணையத்தை ஒளியாகச் சுமக்கும் கண்ணாடி இழை மலிந்தபோது, அதனை ஊருக்குள் இழுத்தவர்களும் அவர்களாகவே இருந்தார்கள். மின்கம்பம்தோறும் உள்ள வழக்கு, எந்தச் சந்தில் யாருடைய தென்னை மட்டை விழும், எந்த வீட்டார் சுவரில் ஆணியடிக்கச் சம்மதிப்பார் என்னும் ஞானம் முழுவதும் அவர்களிடமே இருந்தது. ரோமத்தின் கனமே உள்ள இழையை வெட்டி, துடைத்து, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து ஒட்டும் நுண்தொழிலை, நேற்றுவரை கோஆக்சியல் கம்பியைப் பல்லால் உரித்த கைகள் சில வாரங்களிலே கற்றுக்கொண்டன. ஒரு மடைத் தண்ணீரைப் பல வயலுக்குப் பிரித்துவிடுவதுபோல், ஓர் இழையின் ஒளியை ஸ்ப்ளிட்டர் முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு வீடுகளுக்குப் பிரித்தளிக்கிறது. இருபது கிலோமீட்டர் வரையில் இடையே ஆம்ப்ளிஃபையரே தேவையில்லை. கண்ணாடியாதலால் மின்னலின் வேகமும் அதில் ஏறுவதில்லை. 2016-இல் ஜியோ வந்து கைபேசி இணையம் மலிந்தபோது, இனிக் கம்பிக்கு வேலையில்லை என்று சொன்னவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, பள்ளிக்கூடமும் அலுவலகமும் வீட்டுக்குள் புகுந்தபோது, அந்தச் சொல் பொய்த்தது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் மென்பொருள் செய்து உலகுக்கு விற்பதும், சிவகிரிப் பிள்ளைகள் ஊரில் இருந்தவாறே வெளிநாட்டு வேலை பார்ப்பதும் இக்கம்பிகளை நம்பித்தான்.

இவ்வளவும் செய்த மனிதர் இன்று எந்நிலையில் இருக்கிறார்? பெரும்பாலும் பி.எஸ்.என்.எல்.லுக்கோ ஒரு தனியார் நிறுவனத்துக்கோ வருவாயில் ஒரு பங்கு பெறும் முகவராகவே இருக்கிறார். கம்பி அவருடையது, உழைப்பு அவருடையது. உரிமமும் விலையும் பிறருடையவை. மலைக்கு அப்பால், ஆரியங்காவு தாண்டினால், வேறொரு காட்சியைக் காணலாம். அங்கே சிறு கேபிள்காரர்கள் ஒன்றுதிரண்டு, தாங்களே பங்குதாரர்களாகக் கேரளா விஷன் என்ற ஸ்தாபனத்தை அமைத்தார்கள். அது அண்மைய ஆண்டுகளில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிடும் பட்டியலில், நாட்டிலேயே கம்பிவழி இணையம் தரும் முதல் ஐந்து நிறுவனங்களுள் ஒன்றாக நிற்கிறது. ஐரோப்பாவில் கட்டலோனியாவின் கிராமத்தார் 2004 முதல் கைஃபி என்ற பொது வலைப்பின்னலை வளர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லங்காஷயரில் விவசாயிகள் 2011-இல் கூடித் தம் வயல்களைத் தாமே தோண்டி இழை புதைத்தார்கள். கூட்டுறவு நமக்குப் புதிதன்று. இந்த நாட்டின் முதற் கூட்டுறவுப் பண்டகசாலைகளில் ஒன்று 1904-இலேயே சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றியது.

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் ஊர்களின் கேபிள் தொழிலாளர்கள், தனித்தனியே தேய்ந்து போவதற்கு முன், ஒரே ஸ்தாபனமாகச் சேர்ந்து தம் பெயரிலேயே உரிமம் பெற்று, வெளியூரிலிருந்து வரும் இணையத்தை மொத்தமாகக் கொள்முதல் செய்ய வேண்டும். மூன்று லட்சம் உத்தரவாதத்துக்கு வழியிருந்த காலத்தில் இயலாதது, இழை வாடகை தணிந்த இக்காலத்தில் இயலும். அவர்கள் அவ்வாறு முன்வரும்போது, மாதச் சந்தாவில் பத்து ரூபாய் குறைவு என்பதற்காக வேறிடம் செல்லாமல் அவர்களுடைய முதல் சந்தாதாரர்களாகச் சேரும்படி இப்பிரதேசத்து வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.