கணினி நினைவகச் சோதனை

கணினியின் ரேமில் எழுதிய தரவு எழுதியபடியே திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பது நினைவகச் சோதனை. கணினி அடிக்கடி உறைந்து நிற்பதும், நீலத்திரை காட்டித் தானே மறுதொடக்கம் ஆவதும், ஒவ்வொரு முறையும் வேறு பிழைக்குறி வருவதும் ரேம் பழுதுக்கான அறிகுறிகள். ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் கோளாறு வந்தால் முதலில் அந்த மென்பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்றைய ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்த அறையில் மின்னூட்டமாக இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறையாவது எல்லா அறைகளும் புதுப்பிக்கப்படுகின்றன. பழுதான அறை அதற்குள்ளேயே மதிப்பை இழந்துவிடலாம். 0 அல்லது 1-இலேயே சிக்கிக்கொள்ளலாம். பக்கத்து அறையில் எழுதும்போது தானும் மாறிவிடலாம். கடைசி வகையைப் பிடிப்பதுதான் கடினம். அதற்காக, நினைவகம் முழுவதும் ஓர் அச்சை (0, 1 வரிசையை) நிரப்பி, முகவரி வரிசையில் ஒவ்வொன்றாகப் படித்து, படித்த இடத்தில் நேர்மாறான அச்சை எழுதி, பிறகு இறங்கு வரிசையிலும் அதையே செய்கிறார்கள். கசிவைக் கண்டறிய, எழுதியதைச் சில நிமிடம் தொடாமல் விட்டுப் பிறகு படிப்பார்கள்.

இயங்குதளம் ஓடும்போது அது பிடித்துவைத்திருக்கும் நினைவகத்தைச் சோதிக்க முடியாது. ஆகவே மெம்டெஸ்ட்86, மெம்டெஸ்ட்86+ போன்ற நிரல்களைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்குவார்கள். நிரல் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் விடுவதில்லை. வேறு பகுதிக்கு நகர்ந்துகொண்டு அதையும் சோதிக்கும். விண்டோஸ் விஸ்டா முதல் இத்தகைய கருவி ஒன்று உடன் வருகிறது. ஒரு சுற்றுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம் என்பதால் இரவு முழுக்க ஓட விடுவது வழக்கம்.

ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை பூஜ்யம்தான். ஆனால் பிழை வந்ததாலேயே ரேம்தான் குற்றவாளி என்று முடிவு கட்ட முடியாது. பயாஸில் எக்ஸ்எம்பி போன்ற கூடுதல் வேக அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். பல வேளை பிழை அத்தோடு மறைந்துவிடும். அடுத்து ரேமைக் கழற்றி மாட்டுவது. பழுது பார்க்கும் கடைகளில் தொடுமுனைகளை ரப்பரால் தேய்ப்பது ஏறக்குறைய சடங்காகிவிட்டது. அழுக்குதான் காரணம் என்றால் பலிக்கும், ஓயாமல் தேய்த்தால் தங்கப் பூச்சும் போகும். பிறகு ஒவ்வொரு ரேமையும் ஒரே ஸ்லாட்டில் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரு ரேமில் மட்டும் பிழை வந்தால் அந்த ரேம் பழுது. எந்த ரேமை மாட்டினாலும் அதே ஸ்லாட்டில் பிழை வந்தால் மதர்போர்டையோ, செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தியையோ பார்க்க வேண்டும். பழுதான ரேமைச் சரிசெய்வதில்லை, மாற்றுவதுதான்.

பிழையே வராவிட்டாலும் ரேமுக்கு முழு நற்சான்று கிடைத்துவிடாது. சூடேறினால் மட்டும் தலைகாட்டும் பழுதும், மின்வழங்கி தடுமாறும்போது மட்டும் வரும் பழுதும் சோதனைக்குத் தப்பிவிடும். கதிர்வீச்சால் எப்போதாவது ஒரு பிட் புரண்டுவிடுவதும் உண்டு. அங்கே அறையில் பழுதே இல்லை என்பதால் மறுசோதனையில் எதுவும் தெரியாது. சர்வர்களில் பொருத்தப்படும் இசிசி ரேம் கூடுதல் பிட்டுகளைக் கொண்டு இத்தகைய ஒற்றைப் பிட் பிழையை அப்போதைக்கப்போது திருத்திவிடுகிறது.