கழுவிய திரவம் போன இடம்

மோட்டார் வாகனத்துக்குள் குளிர்காற்று வந்த வரலாற்றை எழுதுவோர், பெரும்பாலும் அதனைக் கண்டுபிடித்தவர்களோடு நிறுத்திக்கொள்வர். அந்தக் குழாய்கள் எதனால் கழுவப்பட்டன, எவ்வாறு காயவைக்கப்பட்டன, கழுவிய பொருள் எங்கே போயிற்று என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. கலைப்பட்டதாரியான எனக்கு இயந்திரங்களிலும் பார்க்க வரலாற்றிலேயே ஈடுபாடு அதிகம். இந்தக் கழுவலின் வரலாறோ கராஜில் தொடங்கி வானத்தில் போய் முடிகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் குளிரூட்டியைப் பொருத்தி விற்றது. அதற்கான மேலதிக விலை 274 டொலர். கொம்பிரசரை இயந்திரத்திலிருந்து விடுவிக்கும் கிளச் அதில் இருக்கவில்லை. குளிர் வேண்டாமென்றால் இயந்திரத்தை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது. 1950களில்தான் வேறு நிறுவனங்கள் இம்முயற்சியை மீண்டும் கையிலெடுத்தன.

அக்குழாய்களில் ஓடியது ஆர்-12 என்ற வாயு. அதற்கு முன்னர் குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட அமோனியாவும் கந்தகவீரொட்சைட்டும் நச்சுத்தன்மை கொண்டவை. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1928 தொடக்கம் இதற்கு மாற்றுத் தேடிய தோமஸ் மிட்ஜ்லி, 1930இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் புதிய வாயுவை மூச்சாக உள்ளிழுத்து, அதை ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நச்சில்லை, தீப்பற்றாது என்பதற்கு அதுவே சாட்சியாயிற்று.

தீங்கற்ற இந்த வாயுவுக்குக் குழாய்க்குள் ஒரு பகை இருந்தது. அது தண்ணீர். ஒரு சில துளி ஈரலிப்பு உள்ளே புகுந்தாலும், வாயு விரிவடையும் ஒடுங்கிய வாயிலில் அது பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடும். வாயுவோடு தாக்கமுற்று அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். ஆகவே ‘ட்ரையர்’ என்று கராஜ்களில் அழைக்கப்படும் சிறு உருளையில், ஈரம் உறிஞ்சும் மணிகளை இட்டு வைத்தார்கள். குழாயைத் திறந்து வேலை செய்தால் அதை மாற்றுவது முறை.

உட்புறத்தைக் காயவைக்கும் முறையும் வியப்பானதே. அங்கே துணியும் போகாது, வெயிலும் படாது. வெற்றிடப் பம்பினால் காற்றை உறிஞ்சி அமுக்கத்தைக் குறைத்தால், தண்ணீர் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கடல் மட்டத்தில் வளியமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் தண்ணீர் கொதிக்க, குழாய்க்குள் அது ஏறத்தாழ 32 மில்லிமீற்றராக இறங்க வேண்டும். நுவரெலியாவின் 15 பாகைக் குளிரிலோ 13 மில்லிமீற்றர் வரை இறக்கினால்தான் கொதிக்கும். குளிர்ப் பிரதேசத்தில் பம்ப் கூடுதல் நேரம் ஓட வேண்டியிருப்பது இதனால்தான். ‘சும்மா ஓடுகிறது’ என்று வாடிக்கையாளர் முணுமுணுக்கும் அந்த நேரத்திலேயே உண்மையான வேலை நடக்கிறது.

இனிக் கழுவலுக்கு வருவோம். கொம்பிரசர் உடைந்தால் உலோகத் துகளும் கருகிய எண்ணெயும் குழாயெங்கும் பரவும். அதைக் கழுவ ஆர்-12இன் உறவுப் பொருளான ஆர்-11 வாய்ப்பாக இருந்தது. ஏறத்தாழ 24 பாகையில் கொதிக்கும் திரவம் அது. எண்ணெயைக் கரைக்கும், பின்னர் தானே ஆவியாகி மறையும். திருத்தத்துக்கு முன்னர் குழாயிலிருந்த ஆர்-12ஐயும் திறந்து வெளியே விட்டுவிடுவார்கள். நிறமில்லை, நச்சில்லை, வெளியே விட்டால் என்ன குறைந்துவிடும் என்பதே அக்காலத்து எண்ணம்.

அந்த எண்ணத்தை 1974இல் மரியோ மொலினா, சேர்வூட் ரோலண்ட் ஆகிய இருவரின் ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. எதனோடும் எளிதில் சேராத இவ்வாயுக்கள் அழியாமல் மேல்வளிமண்டலம் வரை போய், அங்கே சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களால் உடைந்து குளோரீனை விடுவித்து ஓசோனைச் சிதைக்கும் என்று அவர்கள் எழுதினார்கள். 1985இல் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987 செப்டெம்பர் 16ஆம் திகதி மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது.

உடன்படிக்கையின் கை கராஜ் வரை நீண்டது. அமெரிக்காவில் 1992 முதல் இவ்வாயுவைத் தெரிந்தே வளியில் விடுவது சட்டவிரோதமாயிற்று. உறிஞ்சி எடுத்து, சுத்திகரித்து, மீளப் பயன்படுத்தும் இயந்திரங்கள் வந்தன. ஆர்-12க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ பழைய கனிம எண்ணெயோடு கலக்காது. அதற்கான புதிய எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து உறிஞ்சும். ஆகவே கழுவலும் காயவைத்தலும் முன்னரிலும் முக்கியமாயின. அதே வேளை, கழுவப் பயன்பட்ட ஆர்-11ஏ தடைப் பட்டியலில் இருந்தது. அழுக்கை அகற்றிய பொருளே அழுக்காயிற்று.

இலங்கை 1989இல் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. 2001 ஒக்டோபரில் அதன் உறுப்பு நாடுகளின் 13ஆவது கூட்டம் கொழும்பிலேயே நடைபெற்றது. அவ்வாண்டு யூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டிருந்தது. ஒக்டோபரில் பாராளுமன்றமும் கலைக்கப்பட்டிருந்தது. நிலத்துக்காகப் போர் நடந்த தீவில் வானத்துக்காக நாடுகள் கூடிப் பேசின. வளர்முக நாடுகளில் இவ்வாயுக்களின் உற்பத்தி 2010இல் முடிவுக்கு வர வேண்டுமென விதிக்கப்பட்டது.

கதை அங்கே முடியவில்லை. ஓசோனுக்குத் தீங்கற்ற ஆர்-134ஏ, 100 ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 1,430 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. அதனைக் குறைக்க 2016இல் கிகாலித் திருத்தம் வந்தது. மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டியபோது இருந்த அதே நம்பிக்கையோடு நாம் ஒவ்வொரு மாற்றையும் வரவேற்கிறோம். விளைவு பின்னரே தெரியவருகிறது.

ஆயினும் இது தோல்வியின் வரலாறு அன்று. இப்போதைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் அந்தாட்டிக்காவின் மேலுள்ள ஓசோன் 2066 அளவில் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவோடு வெளியான 2022ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. ஆர்-12 வளியில் ஏறத்தாழ 100 ஆண்டுகள் வாழும். 1980இல் ஏதோவொரு கராஜில் சீறி வெளியேறிய வாயுவின் பெரும்பங்கு இன்னும் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. ‘வெளியே விடு’ என்று சொல்லப் பழகிய நமக்கு, அப்படியொரு ‘வெளி’ இல்லை என்பதைக் குழாய் கழுவிய வரலாறு கற்பித்திருக்கிறது.