ரிசீவர் ஏன் ‘ம்ம்ம்’னு முனகுது? நூறு வருஷத்துப் பிரச்சினை

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவோட பழைய ஆடியோ ரிசீவர்ல பாட்டுக்குப் பின்னாடி ‘ம்ம்ம்’னு ஒரு சத்தம். ரிப்பேர்காரர் பார்த்துட்டு, “கெப்பாசிட்டர் போச்சு, புதுசு வாங்கிடுங்க சார்”னு சொல்லிட்டார். பக்கத்து வீட்டு அண்ணன் இன்னும் சுலபமா ஒரு வழி சொன்னார்: “எர்த் பின்னைக் கழட்டிடுங்க, சத்தம் நின்னுடும்.”

ரெண்டையும் செய்யறதுக்கு முன்னாடி, இந்த முனகலோட வரலாற்றைப் பார்ப்போம்.

1920-களின் தொடக்கத்தில் வீட்டு ரேடியோக்கள் பெரும்பாலும் பேட்டரியில்தான் ஓடின. டிசி என்பதால் முனகல் இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யணும், ஆசிட் சிந்தும். சுவர் பிளக்கில் வருவதோ ஏசி. வால்வின் இழையை அதில் நேரடியாகச் சூடாக்கினால், கரண்டின் துடிப்பும் பாட்டோடு கலந்துவிடும்.

1925-ல் டொராண்டோவில் எட்வர்ட் ரோஜர்ஸ் பேட்டரி இல்லாத ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் வால்வில் இழையின் வேலை சூடாக்குவது மட்டும். எலக்ட்ரானைத் தருவது அதைச் சுற்றியிருக்கும் தனிக் குழாய். 1927-ல் அவர் ஆரம்பித்த வானொலி நிலையம் சிஎஃப்ஆர்பி. கடைசி இரண்டு எழுத்தும் ‘ரோஜர்ஸ் பேட்டரிலெஸ்’!

ஏசியை டிசி ஆக்கினாலும் மேடு பள்ளம் மிஞ்சும். அதை நிரவுவது கெப்பாசிட்டர். இன்னைக்கும் அதே ஏற்பாடுதான்.

இங்கேதான் நமக்கு துப்பு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டிசி ஆக்கும்போது அந்த மேடுகள் இரட்டிப்பாகி 100 ஆகும். அதனால கெப்பாசிட்டர் காய்ஞ்சிருந்தா பெரும்பாலும் 100-ல முனகும். வெளியே கேபிள் வழியா வந்தா 50 தூக்கலா இருக்கும்.

போன்ல ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டுப் பார்த்தேன்: 50-ல்தான் உயரமான கோடு. ஒவ்வொரு வயரா பிடுங்கினேன். கேபிள் டிவி வயரைப் பிடுங்கினதும் அமைதி! அந்த வயருக்கு வேற இடத்துல எர்த், ரிசீவருக்கு வீட்டு எர்த். ரெண்டும் சேர்ந்து ஒரு வளையம்; அதுல ஓடின கரண்ட்தான் முனகல். டிவி வயர்ல ஒரு ஐசோலேட்டர் போட்டதும் தீர்ந்தது.

எர்த் பின்னைக் கழட்டியிருந்தாலும் சத்தம் நின்னிருக்கலாம். ஆனா, என்னைக்காவது உள்ளே லைவ் வயர் பாடியில பட்டா, கரண்ட் போக எர்த் இருக்காது. தொடுற அப்பாவோட கை இருக்கும்.

முனகலை நிறுத்த வழி நிறைய இருக்கு மக்களே. எர்த்தை மட்டும் தொடாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!