விண்மீன்களில் பிறந்த மண்

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் அமைந்துள்ள பகுதி, மலையின் தென் அடிவாரத்தில் கிரிவலப் பாதையை ஒட்டியதாகும். ஐம்பெரும் பூதங்களுள் நெருப்புக்குரிய தலமெனச் சைவ மரபு இவ்வூரைப் போற்றுகின்றது. இங்கிருந்து வடமேற்கே, நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் இருக்கின்றது. உலகம் எப்பொருள்களால் ஆயது என்ற பழைய வினாவை அடிவாரத்து மரபு பூதங்களைக் கொண்டு விளக்கிற்று. காவலூரில் அவ்வினா விண்மீன்களின் ஒளியைக் கொண்டு ஆராயப்பெறுகின்றது. இவ்வாராய்ச்சியின் வரலாற்றில் நம் நாட்டுக்குள்ள பங்கினையும், படைப்பைக் குறித்துப் போதிக்கும் நமக்கு அது தரும் படிப்பினையையும் ஈண்டு நோக்குவோம்.

விண்மீன்கள் எப்பொருளால் ஆனவை என்பதை மனிதர் ஒருபோதும் அறிய இயலாது என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஒகூஸ்த் கோம்த் 1835இல் எழுதினார். கால் நூற்றாண்டு கழியுமுன்னரே, 1859இல், ஜெர்மனியில் கிர்க்காஃபும் புன்சனும் நிறமாலையில் தோன்றும் கோடுகளைக் கொண்டு தனிமங்களை அடையாளங்காணும் முறையை நிறுவினர். அம்முறை விரைவில் தென்னிந்தியாவுக்கும் வந்தது. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சனும் நிறமாலைமானியால் நோக்கினர். அவ்வாண்டின் ஆய்வுகளில் வெளிப்பட்ட மஞ்சள் கோடு ஒன்று, புவியில் அறியப்படாத தனிமம் கதிரவனில் உண்டு என்ற கருத்துக்கு வழிவகுத்தது. அதுவே ஹீலியம். 1895இல்தான் ராம்சே அதனைப் புவியில் கண்டார்.

போக்சனின் உதவியாளரான சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்திருந்தார். ஆர் ரெட்டிகுலி எனப்படும் அது 'மீரா' வகையைச் சார்ந்தது. இவ்வகை விண்மீன்கள் முதுமையுற்று, உள்ளே உண்டான பொருளை வெளியே உதிர்ப்பவை என்பது பிற்காலத்தில் விளங்கிற்று.

நிறமாலைக் கோடுகளைக் கொண்டு பொருளின் அளவைக் கணிக்கும் திறவுகோலை 1920இல் அளித்தவர் மேகநாத சாகா. அவருடைய சமன்பாட்டைக் கையாண்ட சிசிலியா பெய்ன், விண்மீன்களில் ஹைட்ரஜனும் ஹீலியமுமே மிகுதி என்று 1925இல் கண்டார். மூத்த அறிஞர் ரசல் அதனை ஏற்காமையால், தம் முடிவு உண்மையன்று போலும் என்று அவரே எழுதவேண்டியதாயிற்று. 1929இல் ரசலும் அதே முடிவுக்கு வந்தார்.

எஞ்சிய தனிமங்கள் எங்கிருந்து வந்தன? இங்கு இரு முகாம்கள் எழுந்தன. பிரபஞ்சம் ஒரு தொடக்கத்தினின்று விரிந்தது என்று 1931இல் உரைத்தவர் பெல்ஜியக் குருவாகிய லெமைத்ர். அத்தொடக்க வெப்பத்திலேயே தனிமங்கள் அனைத்தும் உருவாயின என்று காமோவும் ஆல்ஃபரும் 1948இல் கருதினர். தொடக்கம் என்பதையே மறுத்த ஃப்ரெட் ஹாயிலோ, அவை விண்மீன்களில் சமைக்கப்பட்டன என்றார். 1952இல் மெரில் சில விண்மீன்களில் டெக்னீஷியத்தைக் கண்டார். விண்மீனின் ஆயுளை நோக்க அத்தனிமம் விரைவில் சிதைந்தழிவது. ஆகவே அது அங்கேயே புதிதாக உண்டாகியிருத்தல் வேண்டும். 1957இல் பர்பிட்ஜ் தம்பதியர், ஃபவுலர், ஹாயில் ஆகிய நால்வரும் இக்கொள்கையை விரிவாக வகுத்தனர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகரும் ஃபவுலரும் 1983இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டமை நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

முடிவில் இரு முகாம்களும் பாதி உண்மையையே கண்டிருந்தன. ஹைட்ரஜனும் ஹீலியத்தின் பெரும்பகுதியும் ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், தொடக்கத்தின் முதற்சில நிமிடங்களுக்குரியவை. கரி, ஆக்சிஜன், சிலிக்கன், இரும்பு ஆகியவை விண்மீன்களின் வாழ்விலும் மரணத்திலும் பிறந்தவை. பொன் போன்றவை நியூட்ரான் விண்மீன்களின் மோதலிலும் உண்டாகின்றன என்பதற்கு 2017இல் சான்று கிடைத்தது.

காவலூரின் பணி இவ்வரலாற்றின் தொடர்ச்சியாகும். வைணு பாப்புவின் முயற்சியால் 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கு ஆய்வு தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. நம் நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி, பாப்பு மறைந்தபின், 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்று அவர் பெயரைத் தாங்கியது. ஹைட்ரஜன் அருகி, கரி மிகுந்த விண்மீன்களைக் காமேசுவர ராவ் நெடுங்காலம் ஆராய்ந்தார். ஒரு விண்மீன் தன் உள்ளத்தில் சமைத்ததை மேற்பரப்பில் காட்டுவதற்கு அவை எடுத்துக்காட்டாகும்.

இனி நம் கடமையை நோக்குவோம். 1951 நவம்பரில் பன்னிரண்டாம் பத்திநாதர், விரியும் பிரபஞ்சக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துரைத்தார். அதனால் மகிழவேண்டியவர் லெமைத்ர் என்று நாம் எண்ணுவோம். அவரோ கவலையுற்று, அவ்வாறு மீண்டும் பேசாதிருக்கும்படி முயன்றார். தம் கொள்கையை வானியலின் அளவுகோலால் மட்டுமே சோதிக்கவேண்டும் என்பது அவர் நிலை. ஆய்வின் நேற்றைய முடிவின்மேல் விசுவாசத்தைக் கட்டுகிறவர், அம்முடிவு நாளை திருத்தப்படும்போது இரண்டையும் இழக்கக்கூடும். அறிய இயலாது என்ற கோம்த்தும், நிரூபித்தாயிற்று என்று விரைந்தவர்களும் ஒரே தவற்றையே செய்தனர்.

மனிதன் மண்ணினால் உருவாக்கப்பட்டான் என ஆதியாகமம் கூறுவது இவ்வேதியியலை முன்னறிவிப்பதற்கன்று. நாம் சார்ந்து வாழும் சிருஷ்டிகள் என உணர்த்துவதற்கே. எனினும் அடக்க ஆராதனையில் குழியருகே ஆயர் கையில் எடுக்கும் மண்ணிலும், அண்ணாமலையின் கருங்கல்லிலும், கிரிவலம் வருவோர் குருதியிலும் உள்ள இரும்பு ஒரே வழியாய் வந்தது என்பதை அறிந்தபின், அம்மண்ணை அற்பமென்று நாம் கருதுவதற்கில்லை. பள்ளியில் இதனைக் கற்றுவரும் இளைஞன் திடப்படுத்தல் வகுப்பில் நம்மிடம் வினவும்போது, அவனை அடக்கவும் வேண்டா, அவன் கற்றதைச் சான்றாக அபகரிக்கவும் வேண்டா. அவன் கற்றதை நாமும் கற்று, அவனோடு அமர்ந்து வியப்பதே ஆயருக்குத் தகும்.