இரு அரியணைகளும் ஒரு பட்டுமடலும்

சீன வரலாற்று நூல் எதனைப் புரட்டினாலும் அரச மரபுகளின் பட்டியல் ஒன்று கண்ணிற்படும். ஷாங், சௌ, சின், ஹான், தாங், சுங், யுவான், மிங், சிங் என வரிசை நீளும். மிங் மரபு 1368 முதல் 1644 வரை. மஞ்சு இனத்தாரின் சிங் மரபு 1644 முதல் 1912 வரை. ஒருவர் எழுந்த இருக்கையில் மற்றவர் அமர்ந்தார் என்பதுபோல் அத்துணை எளிதாகத் தோன்றும். உண்மையில் அந்தக் கைமாற்றம் முடிய 18 ஆண்டுகள் ஆயின. அக்காலத்தில் இயேசு சபைக் குருக்கள் இரு அரசுகளின் பக்கமும் நின்றனர் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

ஷாங் மரபை வீழ்த்திய சௌ மன்னர்கள் தம் செயலுக்கு ஒரு நியாயம் உரைத்தனர். ஆளும் உரிமை விண் அளிப்பது. அறம் பிறழ்ந்தவனிடமிருந்து விண் அதனைப் பறித்து வேறொருவனுக்கு வழங்கும் என்றனர். பின்வந்த மரபுகள் யாவும் இவ்விளக்கத்தையே கைக்கொண்டன. விண்ணின் ஆணை பெற்றவன் விண்ணின் ஒழுங்கை அறிந்திருக்க வேண்டுமன்றோ? எனவே நாட்காட்டி வெளியிடுவது பேரரசரின் தனியுரிமையாயிற்று. ஓர் அரசின் நாட்காட்டியை ஏற்பது அவ்வரசையே ஏற்பதாகும். கிரகணக் கணிப்புப் பிழைத்தால் அரியணைக்கே இழுக்கு.

1644 ஏப்ரலில் கிளர்ச்சித் தலைவன் லீ ஸூச்செங்கின் படை பெய்ஜிங்கினுள் புகுந்தது. மிங் பேரரசர் சுங்சென் அரண்மனைக்குப் பின்னுள்ள குன்றில் தூக்கிட்டு மாண்டார். சில வாரங்களில், எல்லைக் காவலனான தளபதி வூ சன்குயி மஞ்சுப் படைக்குக் கணவாயைத் திறந்துவிட, கிளர்ச்சியாளரும் ஓடினர். நகரைவிட்டு அகலாதிருந்தவர்களுள் ஜெர்மானியக் குரு ஆதாம் ஷால் ஒருவர். மிங் அரசின் ஆணைப்படி நாட்காட்டியைத் திருத்தியவர். பீரங்கியும் வார்த்துக் கொடுத்தவர். (குருவுக்குப் பீரங்கி எதற்கு என்று நாம் கேட்கலாம், அரசர் ஆணையிட்டார், அவ்வளவே.) அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணத்தில் அவருடைய கணிப்பே பழைய முறைகளை வென்று பொருந்தியது. புதிய அரசு அவரது நாட்காட்டியை ஏற்று, வானியல் துறையின் தலைமையையும் அவரிடம் அளித்தது. மஞ்சு மரபு தன்னை விண்ணின் தெரிவு என நிறுவிக்கொள்ள ஒரு கத்தோலிக்கக் குருவின் கணக்கு உதவிற்று.

தெற்கிலோ மிங் மரபின் எஞ்சிய கிளை யுங்லி என்னும் பேரரசரின் கீழ் நகர்விட்டு நகர் அலைந்தது. 1648-இல் அவ்வரசவையில் இயேசு சபைக் குரு ஆந்திரேயாஸ் கோஃப்லர் பேரரசரின் பெரிய தாயாருக்கு ஹெலேனா என்றும், ஈன்ற தாய்க்கு மரியா என்றும், பேரரசிக்கு அன்னா என்றும், பிறந்த பட்டத்து மகவுக்குக் கொன்ஸ்தந்தீன் என்றும் திருமுழுக்குப் பெயர் சூட்டினார். உரோமைக்கு ஒரு கொன்ஸ்தந்தீனும் அவன் தாய் ஹெலேனாவும் வாய்த்ததுபோல் சீனத்துக்கும் வாய்க்கும் என்ற நம்பிக்கை அப்பெயர்களில் தெரிகிறது. 1650 நவம்பரில் ஹெலேனா அம்மையார் திருத்தந்தை பத்தாம் இன்னொசென்டுக்குப் பட்டில் ஒரு மடல் வரைந்தார். தம் இறப்பு வேளைக்கான அருளையும், நாட்டின் அமைதிக்குச் செபத்தையும், மேலும் குருக்களையும் வேண்டினார். அதனைச் சுமந்து சென்றவர் போலந்து நாட்டுக் குரு மிக்கேல் போய்ம்.

ஷாலைக் காலத்துக்கேற்பக் கோலம் மாற்றியவர் எனப் பழிப்பது எளிது. பெய்ஜிங்கின் ஆலயமும் மந்தையும் அவரை நம்பியிருந்தன. தெற்கின் குருக்களையோ அங்குத் திருமுழுக்குப் பெற்றோர் நம்பியிருந்தனர். எந்த அரியணைமேல் விண் சாய்ந்துள்ளதென அறிவிக்கும் கருவி எதுவும் ஷாலின் வானியல் கூடத்தில் இல்லை. அவர் பெற்ற ஆதரவும் நிலைக்கவில்லை. 1665-இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது நகரை உலுக்கிய நிலநடுக்கத்தைக் கண்டு அஞ்சியோர் அவரை விடுவித்தனர். அவருடன் பணிபுரிந்த சீனக் கிறிஸ்தவ வானியலார் ஐவரோ தலை வெட்டுண்டனர். மறு ஆண்டில் ஷாலும் இறந்தார்.

போய்ம் கோவா வழியாகவும் பாரசீகத்தின் தரைவழியாகவும் 1652 இறுதியில் வெனிசை அடைந்தார். அதற்கு முன்பே, 1651-இல், ஹெலேனா அம்மையார் கண்மூடிவிட்டார். உரோமை தயங்கித் தயங்கி ஆராய்ந்தது. இதற்கிடையே திருத்தந்தையும் இறந்தார். 1655 டிசம்பரில்தான் ஏழாம் அலெக்சாண்டர் மறுமொழி எழுதினார். அதனை ஏந்தித் திரும்பிய போய்ம், 1659 ஆகஸ்டில் சீன எல்லையருகே நோயுற்று மடிந்தார். மூன்றாண்டு கழித்து, 1662-இல், பர்மாவில் புகலடைந்திருந்த யுங்லி பிடிபட்டு, குன்மிங் நகரில் தம் மகன் கொன்ஸ்தந்தீனுடன் கொல்லப்பட்டார். கொல்வித்தவன், மஞ்சுப் படைக்குக் கணவாயைத் திறந்துவிட்ட அதே வூ சன்குயி. ஹெலேனாவின் பட்டுமடல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் உள்ளது.