இடையன்குடிச் சேகரமும் அதன் ஊர்ப் பொதுவாழ்வும்

தென்பாண்டி நாட்டின் கடலோரச் செம்மணல் தேரிகளை அடுத்து அமைந்த இடையன்குடி என்னும் சிற்றூர், தமிழாராய்ச்சி உலகில் பெரும்பெயர் பெற்றது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் உறைவிடமாகக் கொண்ட ஊர் அது. ஆயின், அவ்வூரின் வரலாறு அவர் பெயரோடு தொடங்கி அவர் பெயரோடு முடிந்துவிடுவதாகவே பலரும் கருதுகின்றனர். பனையேறிகளும் அவர்தம் மனைவியரும் உபதேசிமாரும் ஒருங்குகூடி நடத்திய பொதுவாழ்வு, ஒரு பேரறிஞரின் வாழ்க்கைக் குறிப்பில் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் சிற்றூர்ச் சேகரம் ஒன்று எங்ஙனம் இயங்கிற்று, அதனை நிலைநிறுத்தியோர் யாவர், அப்பொதுவாழ்வின் எல்லை யாது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சேகரம்

திருநெல்வேலிக் கிறிஸ்தவர் வழக்கில் 'சேகரம்' என்பது ஒரு குருவின் பொறுப்பில் அமைந்த பல சபைகளின் தொகுதியைக் குறிக்கும். சேர்த்தல், திரட்டுதல் என்னும் பொருளுடைய சொல்லே இங்கு ஆட்சிப் பிரிவின் பெயராயிற்று. ஊர்தோறும் ஒரு சபை. சபைதோறும் ஒரு உபதேசியார். பல சபைகளுக்கு ஒரு சேகரக் குரு என்பதே இதன் கட்டுக்கோப்பு. உபதேசியாரே பள்ளி ஆசிரியராகவும் இருந்த ஊர்கள் பல. ஞாயிறன்று செபக்கூடமாக விளங்கிய கூரைக் கட்டடம் மற்றை நாள்களில் பள்ளிக்கூடமாகும். வழிபாடும் எழுத்தறிவும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தமை இவ்வூர்களின் தனித்தன்மை எனலாம்.

தோற்றம்

நெல்லைச் சீமையில் இத்திருச்சபையின் தொடக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குரியது. சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா அம்மையாரின் முயற்சியால் 1785இல் பாளையங்கோட்டையில் ஒரு சிறு கோயில் எழுந்தது. தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார், துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்க்குப் புகலிடமாக 1799இல் ஒரு குடியிருப்பை அமைத்தார். முதலில் அமைந்த ஊராதலின் அது முதலூர் எனப் பெயர் பெற்றது.

புதிய ஊர் அமைக்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பதை நாம் நோக்குதல் வேண்டும். பனையேறுவோர் பலர்க்குத் தாம் ஏறும் மரமும் தாம் வாழும் மனையும் சொந்தமில்லை. சமயம் மாறியவனை ஊரைவிட்டு நீக்க நில உடைமையாளர்க்கு ஒரு சொல் போதும். ஆகவே நிலம் என்பது இவர்தம் சமய வாழ்வின் அடிப்படைச் சிக்கலாயிற்று. இதனை நன்குணர்ந்த ரேனியுசு ஐயர் 1830இல் தரும சங்கம் என்னும் அமைப்பை ஏற்படுத்தினார். நன்கொடைப் பணத்தால் நிலம் வாங்கி, ஏழைக் கிறிஸ்தவரைக் குடியமர்த்துவதே அதன் நோக்கம். ரேனியுசு சி. எம். எஸ். சங்கத்தைச் சார்ந்தவர்; இடையன்குடியோ எஸ். பி. ஜி. சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. எனினும் நிலமின்மை என்னும் சிக்கல் இருசாரார்க்கும் பொதுவே.

1814இல் அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1838இல் சென்னை வந்தார். 1841இன் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். அங்கு ஏற்கெனவே ஒரு சிறு கிறிஸ்தவக் கூட்டம் இருந்தது. அவர் நிலம் பெற்று, தெருக்களை நேராக வகுத்து, மரம் நட்டு, கிணறு தோண்டுவித்து ஊரைத் திருத்தியமைத்தார். இடையர் குடியிருப்பு என்று பொருள்படும் பெயருடைய அவ்வூரில் பனைத்தொழில் செய்த நாடார்களே மிகுதியாக வாழ்ந்தனர்.

பனையும் சபையும்

இச்சேகரத்தின் காலக்கணக்கு பனையின் காலக்கணக்கேயாம். ஒருவர் நாளொன்றுக்கு 30 முதல் 50 மரங்கள் வரை காலையும் மாலையும் ஏறி இறங்குவர். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீரைப் பெண்டிர் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்குவர். பாளையை நாள்தோறும் சீவாவிடின் ஊறல் நின்றுவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளுதல் பனையேறிக்கு வருவாயிழப்போடு கூடிய நோன்பாகும். வானிலையும் மரமும் வகுத்த ஒழுங்கோடு திருச்சபை நாட்காட்டியின் ஒழுங்கு ஒவ்வொரு வாரமும் மோதிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

பனைப்பருவம் கழிந்த மாதங்களில் கையில் பணமிராது. அக்காலத்தே பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் பெயர்ந்தனர். 1854 அளவில் அத்தோட்டத் தொழிலாளரிடையே தமிழ்க் கூலி ஊழியம் என்னும் திருப்பணி தொடங்கப்பெற்றபோது நெல்லையிலிருந்தே உபதேசிமார் சென்றனர். பிழைப்பைத் தேடி மக்கள் சென்ற வழியில் சபையும் உடன் சென்றது.

இத்தகைய வறுமையில் சேகரத்தின் செலவை எங்ஙனம் தாங்கினர் என்ற வினா எழும். கிறிஸ்தவக் குடும்பங்களில் வழங்கிவந்த பிடியரிசி முறை இதற்கு விடை தரும். உலையில் இடுமுன் வீட்டுத்தலைவி ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக்கலத்தில் இட்டு வைப்பாள். கிழமைதோறும் அது சபைக்குச் சேரும். நெல், கருப்புக்கட்டி, கோழி, முட்டை முதலிய விளைபொருள்களும் காணிக்கையாயின. காசு இல்லாதோரும் கொடுப்போராக நிற்க இம்முறை வழிசெய்தது. கொடுப்பவர்க்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. ஊராட்சிச் சட்டங்கள் எளியோர்க்கு இடமளிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, பொதுப்பணத்தைத் திரட்டவும் காக்கவும் கணக்கிடவும் இச்சபைகளில் மக்கள் பயின்றனர் என்க.

முப்பத்துமூன்று ஆண்டுப் பணி

இடையன்குடியின் தூய திரித்துவ ஆலயத்திற்கு 1847இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. அது 1880ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் படைக்கப்பெற்றது. பணமுடையும், கால்டுவெல் உடல்நலங் குன்றி இருமுறை இங்கிலாந்து சென்றமையும் காலத்தை நீட்டின. கோதிக் முறையில் அமைந்த சாளர வேலைப்பாட்டை உள்ளூர்க் கொத்தர் அதற்குமுன் செய்தறியார். கால்டுவெல் களிமண்ணால் மாதிரி செய்து காட்டினார் என்று சொல்வது வழக்கம். எங்ஙனமாயினும் கல்லைச் செதுக்கியவை உள்ளூர்க் கைகளே. அடிக்கல் நாட்டிய நாளில் பிறந்த குழந்தை படைப்பு நாளில் முப்பத்துமூன்று வயதுடைய ஆளாய் நின்றிருக்கும். ஒரு தலைமுறையின் உழைப்பு அக்கட்டடத்துள் அடங்கியுள்ளது.

மகளிர்

1844இல் கால்டுவெல் மணந்த எலைசா அம்மையார், நாகர்கோயிலில் பணிசெய்த மால்ட் ஐயரின் மகள்; தமிழ்ப்பேச்சில் வல்லவர். அவர் இடையன்குடியில் பெண்கள் பள்ளியை நடத்தினார். நாகர்கோயிலில் வழங்கிய பின்னல்வேலையை, அஃதாவது லேசு பின்னுதலை, இங்கும் கற்பித்தார். கருப்புக்கட்டி காய்ச்சும் உழைப்பின் பயன் குடும்ப வருவாயில் கலந்துவிடும். லேசுக்குக் கிடைத்த கூலியோ பின்னிய பெண்ணின் கையிலேயே சேர்ந்தது. பள்ளியில் எழுத்தறிந்த பெண், வேதப்புத்தகத்தோடு கணக்கேட்டையும் படிக்க வல்லவளானாள். பிடியரிசிக் கலத்தையும் நோக்குமிடத்து, சேகரத்தின் பொருளியல் அடித்தளத்தில் பாதியேனும் மகளிரது என்று கொள்ளுதல் தகும்.

பண்டிகையும் பஞ்சமும்

ஊரார் ஒன்றுகூடும் நாள்களுள் தோத்திரப் பண்டிகையும் அசனமும் குறிப்பிடத்தக்கன. தோத்திரப் பண்டிகையில் முதற்பலன்கள் படைக்கப்பெறும். பின்னர் அவை ஏலத்தில் விடப்பெறும். ஒரு சீப்பு வாழைப்பழம் சந்தை விலையைப்போல் பன்மடங்கு விலைபோதலும் உண்டு. அங்கு விலை என்பது பண்டத்திற்கன்று. கொடுக்கும் மனத்திற்கும் ஊரார்முன் பெறும் மதிப்பிற்குமாம். அசனம் என்பது பொதுவிருந்து. இரவு முழுதும் ஊரார் கூடிச் சமைத்து, மறுநாள் செல்வரும் வறியரும் ஒரே சோற்றை உண்பர். யார் கையால் யார் உண்பது என்பதே சாதியின் அளவுகோலாயிருந்த நாட்டில், இவ்விருந்து வெறும் களியாட்டன்று.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் இக்கட்டமைப்பு சோதனைக்குள்ளாயிற்று. 1877இல் அத்தியட்சராகத் திருநிலை பெற்ற கால்டுவெல்லும் சார்சந்து அத்தியட்சரும் துயர்நீக்கப் பணியை மேற்பார்த்தனர். பல்லாயிரவர் அக்காலத்தில் திருச்சபையிற் சேர்ந்தனர். சோற்றுக்காகச் சேர்ந்தனர் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. கால்டுவெல் அதனை மறுத்தார். பசித்தவன் தனக்கு உணவளித்தோரை நம்புவதை இழிவென்று கொள்வதற்கில்லை. அவன் பின்னர் அங்கு நிலைத்தானா என்பதே வரலாற்றாசிரியன் கேட்கத்தக்க வினா.

எல்லைகள்

இச்சேகர வாழ்வைக் குறையற்றதென்று புகழ்தல் ஆராய்ச்சியாகாது. கால்டுவெல் 1849இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணார் பற்றிய நூல், தம் சபையாரையே நாகரிகங் குன்றியோராகக் காட்டியது. அந்நூலுக்கு நாடார் சமூகத்தினர் கடுமையாக மறுப்புத் தெரிவித்தனர். சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் ஐரோப்பியர் மேலாண்மையை ஏற்க மறுத்து 1857இல் நாசரேத்து வட்டாரத்தில் ஒரு தனிச் சபையையே நிறுவினார். பணிவுடன் கேட்போராக மட்டும் இம்மக்கள் இருந்திலர் என்பதற்கு இது சான்று.

மற்றொன்றும் உளது. புகலிடமாக அமைந்த ஊர் பெரும்பாலும் ஒரு சாதியார் ஊராகவே அமைந்தது. உறவும் சபையும் ஒன்றாயிருந்தமையால் ஒற்றுமை விரைவில் வேரூன்றிற்று. அதனாலேயே பிற சாதியார்க்கு வாயில் குறுகிற்று. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவரிடையே இருக்கையிலும் கல்லறையிலுங்கூட வேற்றுமை தொடர்ந்த இடங்கள் உண்டு. ஓரூருக்குள் ஒரே சோற்றை உண்டமை பெரிது. அவ்விருந்து ஊரெல்லையைத் தாண்டியதா என்று கேட்டல் அதனினும் பெரிது.

பின்னைய நிலை

கால்டுவெல் 1891ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 28ஆம் நாள் கோடைக்கானலில் மறைந்தார். இடையன்குடி ஆலயத்துள் அடக்கஞ் செய்யப்பெற்றார். 1896இல் திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனமாயிற்று. 1903இல் நெல்லைக் கிறிஸ்தவர் தம் பணத்தாலேயே இந்திய மிஷனெரி சங்கத்தை அமைத்துத் தெலுங்கு நாட்டிற்கு ஊழியரை அனுப்பினர். அதன் தோற்றத்தில் முன்னின்ற வேதநாயகம் அசரியா, வெள்ளாளன்விளை என்னும் சிற்றூர்ச் சேகரத்தில் குருவின் மகனாகப் பிறந்தவர். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். கைப்பிடி அரிசியில் தொடங்கிய பழக்கம் எத்துணைத் தொலைவு சென்றது என்பதற்கு இஃதோர் அளவுகோல். 1947ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது இச்சேகரங்கள் அதன் உறுப்பாயின.

இன்று பனைத்தொழில் சுருங்கிவிட்டது. தென்மாவட்ட இளைஞர் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் முதலிய ஆலைப்பகுதிகளிலும் பெருநகரங்களிலும் கடல்கடந்த நாடுகளிலும் உழைக்கின்றனர். அன்று இலங்கைக்குச் சென்றோரைப் போன்றே இவரும் பண்டிகைக்கு ஊர் திரும்புகின்றனர்.

இவர்தம் முன்னோர் பெயரை நூல்களில் தேடிப் பயனில்லை. ஆங்கிலிக்கன் குருமார் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் தவறாது பதிந்து வந்தனர். 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் திருமணப் பதிவை மேலும் உறுதியாக்கிற்று. வேறெந்த ஏட்டிலும் இடம்பெறாத பனையேறியின் பெயரும் அவன் மனைவியின் பெயரும் அப்பதிவேடுகளில் உள. கறையானும் ஈரமும் அவற்றை அழிக்குமுன் படியெடுத்துக் காத்தல் சேகரங்கட்கும் பல்கலைக்கழகங்கட்கும் உரிய கடமையாகும். ஒப்பிலக்கணம் எழுதியவர் யார் என்பதை நாம் நன்கு அறிவோம். அவர் வாழ்ந்த ஊரை எழுப்பியோர் யார் என்பதை இனியேனும் அறிதல் வேண்டும்.